ஒரே பெஞ்ச்

அன்புள்ள ஐயா,

நான் 1986-இல் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தவன். தாசில்தார் மகனும் டீக்கடைக்காரர் மகனான நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த குரூப் போட்டோவை இன்னும் வைத்திருக்கிறேன். இன்று என் இரண்டு பிள்ளைகளும் சிபிஎஸ்இ பள்ளியில். மனம் உறுத்துகிறது. ஆனால் கடைசியில் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள்தானே, உழைக்கிறவன் மேலே வரத்தானே செய்கிறான் என்றும் தோன்றுகிறது. நான் நினைப்பது சரியா?

கே., கரூர்

அன்புள்ள கே.,

முதலில் அந்த பெஞ்சைப் பற்றி. ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் துணி வெளுக்கிற வீட்டுப் பையன். கணக்கில் என்னைவிடக் கெட்டி. ஆறாம் வகுப்புக்கு நாலு மைல் தள்ளி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். எனக்கு அப்பா ஒரு பழைய சைக்கிள் வாங்கித் தந்தார். அவன் ஒரு வாரம் நடந்து வந்தான், அப்புறம் வரவில்லை. யாரும் அவனைத் துரத்தவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, அவ்வளவுதான். பின்னாளில் அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்தபோது, ஓட்டுக்காக என்று கேலி பேசினார்கள். எனக்கு இவன் முகம்தான் வந்தது.

ஆக, பத்தாம் வகுப்பு பெஞ்சில் நாம் சமமாக உட்கார்ந்திருந்தோம் என்றால், விழ வேண்டியவர்கள் அதற்கு முன்பே விழுந்துவிட்டார்கள் என்றும் அர்த்தம்.

இன்று அப்படி இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் பத்தாவது வரை வந்துவிடுகிறார்கள். சத்துணவு, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் பாதை பிரிகிற இடம் முன்னால் வந்துவிட்டது. இப்போது எல்கேஜியிலேயே பிரிகிறது. எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடிக்கும். எதிர்வீட்டுப் பையன் டை கட்டிக்கொண்டு அதில் ஏறுவான். அவன் அக்கா கால்மணி நேரம் கழித்து அரசுப் பள்ளிக்கு நடந்து போவாள். ஒருநாள் அவர்கள் அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் ஃபீஸ் கட்ட முடியுமா சார்? அவ பொம்பளப் புள்ளதானே" என்றார். ஒரே வீட்டுக்குள் இப்படியென்றால், சேரிக்கும் ஊருக்கும் நடுவில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே கேள்வித்தாள் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2007-இல் மருத்துவம், பொறியியலுக்கான நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம் கொடுத்தார்கள். கோச்சிங்குக்குக் காசில்லாதவனுக்கும் வழி கிடைக்கும் என்பது எண்ணம், நல்ல எண்ணம்தான். பணம் உடனே நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளுக்குப் போனது. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்தார்கள். 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. ஆனால் 2017-இலேயே நீட்டும் வந்துவிட்டதால் பணம் அங்கிருந்து கிளம்பி கோச்சிங் சென்டருக்குப் போனது. சல்லடையை மாற்ற மாற்ற, அதற்கேற்றபடி தயார் செய்துகொள்ள வசதி இருப்பவர்கள் தயார் செய்துகொள்கிறார்கள்.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கினார்கள். அதற்கு முன் விரல்விட்டு எண்ணும்படி இருந்தவர்கள் முதல் வருஷமே முந்நூறைத் தாண்டினார்கள். அத்தனை பேருக்கும் அந்த ஒரே வருஷத்தில் உழைப்பு வந்துவிட்டதா என்ன?

நீங்கள் உழைத்தீர்கள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்களோடு உழைத்தவர்கள் வேறு எங்கெங்கே நின்றுபோனார்கள் என்றுதான் கேட்கிறேன்.

உறுத்தலுக்காகப் பிள்ளைகளை இடம் மாற்ற வேண்டாம், அது அவர்களுக்குத் தண்டனையாகிவிடும். அரசு ஊழியர்களும் மக்கள் பிரதிநிதிகளும் தம் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று 2015-இல் அலகாபாத் உயர்நீதிமன்றமே சொல்லிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு விவரம் தெரிந்த மனசு இருக்கிறது. தாசில்தார் மகன் படிக்கிற பள்ளியில் கக்கூஸுக்குத் தண்ணீர் வரும். அவன் போன பிறகு, தண்ணீர் வரவில்லை என்று சொன்னால் கேட்க ஆளில்லை. நீங்கள் படித்த பள்ளியில் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கும். ஒருநாள் போய்ப் பாருங்கள்.

அப்புறம் அந்த போட்டோ. அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஐந்தாம் வகுப்பில் உங்களோடு இருந்தவர்களில் யார் யார் அதில் இல்லை என்று யோசித்து எனக்கு எழுதுங்கள்.