தாழ்த்திய ஃபார்ச்சூனரில் இரண்டு டன் டிரெய்லர் இழுக்கலாமா?

பினாங்கின் பிறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். கல்யாண மேடை அலங்காரத் தொழில் செய்கிறார். மணவறை, பந்தல் இரும்பு, ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றினால் டிரெய்லர் இரண்டு டன் வருமாம். தன் டொயோட்டா ஃபார்ச்சூனரை ஸ்பிரிங் மாற்றி இரண்டு அங்குலம் இறக்கியிருக்கிறார். கோலாலம்பூரில் ஓர் ஆர்டர், இழுத்துக்கொண்டு போகலாமா?

இந்த நிலையில் வேண்டாம். "கையேட்டில் இதைவிட அதிகம் போட்டிருக்கிறதே" என்பீர்கள். அந்தக் கணக்கு கம்பெனி ஸ்பிரிங்குக்குப் போட்டது.

இரண்டு டன் டிரெய்லரின் மூக்கு உங்கள் கொக்கியில் 200 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். கொக்கி பின் சக்கரத்துக்கு ஒரு மீட்டருக்கும் பின்னால் இருப்பதால், பின் அச்சில் ஏறுவது 290 கிலோவை நெருங்கும். அந்தக் கூடுதல் 90 கிலோ முன் சக்கரங்களிலிருந்து பிடுங்கியது. ஸ்டீயரிங்கும் பிரேக்கும் நம்பியிருக்கும் இடம் இலேசாகிவிடும். பின்பக்கத்திலோ ஸ்பிரிங் இறங்க இடமே இல்லை. ஸ்பிரிங் அதற்குமேல் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு ஒவ்வொரு குழியும் நேரே சேசிஸில் இடிக்கும்.

இதைச் சரிக்கட்ட நம்மவர்கள் செய்யும் வேலைதான் எனக்குப் பயம். பின்பக்கம் தொங்குகிறதே என்று ஜெனரேட்டரைத் தூக்கி டிரெய்லரின் வால்பக்கம் வைப்பார்கள். கொக்கியில் பாரம் குறையும், வண்டி மட்டமாக நிற்கும், படம் எடுத்தால் அழகாக இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரு பஸ் கடந்து போகட்டும், வால் ஆட ஆரம்பிக்கும். வழியில் மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி ஈப்போ அருகே ஜெலாப்பாங் பக்கம் இறங்கும்போது ஆடினால் உங்களால் அடக்க முடியாது. கனமான பொருள் டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால்தான் இருக்க வேண்டும். டிரெய்லருக்குச் சொந்த பிரேக்கும் வேண்டும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டினாலே அது கட்டாயம்.

அடுத்து, ஸ்பிரிங்குக்குள் ஏர்பேக் (காற்றுப் பை) போட்டுத் தருகிறேன் என்று வரும் பட்டறைக்காரர். காற்றடித்தால் பின்பக்கம் எழும்பும். முன்பக்கம் இழந்த 90 கிலோ திரும்பி வராது.

கம்பெனியிலிருந்தே ஏர் சஸ்பென்ஷனோடு வரும் வண்டிகள் வேறு. பாரம் ஏறினால் தானே உயரத்தைச் சரிசெய்து, ஸ்பிரிங் ஏறி இறங்கும் இடத்தைக் காப்பாற்றும். ஆனால் அதையும் 'லிங்க்' (உயரத்தை அளக்கும் சென்சாரின் இணைப்புக் கம்பி) மாற்றி இறக்கிவிடுகிறார்கள். அந்தக் கம்பியின் நீளத்தை மாற்றி, வண்டி சரியான உயரத்தில்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைப்பதுதான் அந்த வேலை. அது எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாழ்ந்த உயரத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஏர் சஸ்பென்ஷன் என்றாலும் லிங்க் கைவைக்கப்படாததாக இருக்க வேண்டும், அப்போதும் முன்பக்கப் பாரத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இனி ரன்னர், அதாவது காசு வாங்கிக்கொண்டு அலுவலக வேலையை முடித்துத் தரும் இடைத்தரகர் விவகாரம். வண்டியின் அமைப்பை மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேண்டும். "அண்ணே, நான் செட்டல் பண்றேன்" என்று ஒருவர் வருவார். சோதனை நாளன்று பழைய ஸ்பிரிங்கை மாட்டிக் காட்டுவார், மறுநாள் கழற்றிவிடுவார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் ஆள் பார்ப்பது உங்கள் காகிதத்தை மட்டுமல்ல, ஸ்பிரிங்கையும்தான். நேர்வழியில் போகிறவனை ஒரு கவுண்டர் இன்னொரு கவுண்டருக்கு விரட்டுகிறது. ரன்னருக்குச் சோறு போடுவதே அந்த அலைச்சல்தான்.

உங்கள் வேலை இதுதான். இறக்கும்போது கழற்றிய கம்பெனி ஸ்பிரிங் நான்கையும் பட்டறையில் கேட்டு வாங்கி மாட்டுங்கள். ரிம்மைப் பெரிதாக்கியிருந்தால் டயரின் சுமை எண்ணையும் பாருங்கள்: 110 என்றால் ஒரு டயருக்கு 1,060 கிலோ, 107 என்றால் 975 தான். பிறகு பழைய இரும்புக் கடை எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி, டிரெய்லர் இல்லாமல் ஒரு தடவை, மாட்டிக்கொண்டு ஒரு தடவை நிறுங்கள். டிரெய்லரையும் தனியாக நிறுங்கள். 'இரண்டு டன்' என்பவர்கள் குறைத்தே சொல்வார்கள். ஸ்பிரிங்கை விற்றுவிட்டார்கள் என்றால், இந்த ஆர்டருக்கு ஒரு லோரியை வாடகைக்கு எடுங்கள்.