ரோம், நேபிள்ஸ், சாண்டோரினி: எந்த ஊருக்கு டூர் எடுப்பது?

முழங்கால் வலியுள்ள அம்மா, 4 வயதுக் குழந்தையோடு சொகுசுக் கப்பலில் போகிறோம், வழியில் நிற்கும் இந்த 3 துறைமுகத்துக்கும் கப்பல் டூரையே (கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் ஊர் சுற்றும் டூர்) எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. ரோமுக்குக் கட்டாயம் எடுங்கள். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், அங்கிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். பஸ் தாமதமானாலும் கப்பல் டூரில் போனவர்களுக்காகக் காத்திருப்பார்கள். தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

நேபிள்ஸில் துறைமுகமே ஊருக்குள். இறங்கி நடந்தால் போதும்.

சாண்டோரினிதான் யோசிக்க வேண்டியது. கப்பல் கடலிலேயே நங்கூரம் போடும், சின்னப் படகில் கரைக்குப் போக வேண்டும். தீவின் முக்கிய ஊரான ஃபிரா செங்குத்தான பாறை உச்சியில் இருக்கிறது. 500-க்கும் மேற்பட்ட படிகள், அம்மாவால் ஆகவே ஆகாது. பஸ் டூரில் மேலே போனாலும் இறங்குவது பெரும்பாலும் கேபிள் காரில்தான். எல்லாக் கப்பல்களின் பயணிகளும் ஒரே நேரத்தில் திரும்புவதால் இறங்கும் வரிசைதான் நீளமாக இருக்கும். கடைசிப் படகுக்கு 2 மணி நேரம் முன்பே வரிசைக்கு வந்துவிடுங்கள். அம்மா உட்கார ஒரு மடக்கு ஸ்டூல் கையில் இருக்கட்டும்.

அப்புறம், போனில் நேரம் தானாக மாறிவிடும், கப்பல் நேரம் வேறாக இருக்கலாம். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் கப்பல் நேரத்தை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.