மூன்று நிமிட மௌனம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேறு ஏதோ எழுதும்போது, "நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழ் முழுக்க அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் பெரியப்பா கப்பலில் ரேடியோ ஆபீசர். அவர் விட்டுப்போன பொருட்களில் ஒரு பித்தளைக் கடிகாரம் இருக்கிறது. முகப்பில் இரண்டு சிவப்புப் பட்டை, இரண்டு பச்சைப் பட்டை, ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள். அழகுக்காகப் போட்டதா, ஏதாவது பயன் உண்டா?

பதில்: தயவுசெய்து அதைப் பழைய பித்தளை விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பெரியப்பாவின் வேலை என்ன என்பது அந்த முகப்பில்தான் எழுதியிருக்கிறது.

சிவப்புப் பட்டை ஒன்று 15-வது நிமிடத்திலிருந்து 18 வரை இருக்கும், இன்னொன்று 45-லிருந்து 48 வரை. எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கப்பல்கள் மோர்ஸில் (ஒவ்வோர் எழுத்தையும் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் முறை) ஒன்றையொன்று கூப்பிடவும், ஆபத்தில் குரல் கொடுக்கவும் 500 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைதான். எப்போதும் சந்தை மாதிரி இரைச்சலாக இருக்கும். முள் சிவப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் மோர்ஸ் கீயிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். மூன்று நிமிடம் யாரும் எதுவும் அனுப்பக் கூடாது, ஆபத்தில் இருப்பவரைத் தவிர. எங்கேயோ தூரத்தில் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் ஒரு கப்பல் மெலிதாகக் கூப்பிட்டால், அது காதில் விழட்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பச்சைப் பட்டைகள் (மணி தொடங்கியதும் மூன்று நிமிடம், அரை மணிக்கு மூன்று நிமிடம்) வாயால் பேசும் 2182 கிலோஹெர்ட்ஸுக்கான மௌனம்.

ஓரத்தில் இருக்கும் சிவப்புக் கோடுகளை அளந்து பாருங்கள். ஒவ்வொன்றும் நான்கு வினாடி நீளம், நடுவில் ஒரு வினாடி இடைவெளி, மொத்தம் 12 கோடுகள், சரியாக ஒரு நிமிடம். ஆபத்து வந்தால் வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே அந்த 12 நீண்ட கோடுகளைக் கையால் அனுப்ப வேண்டும். மற்ற கப்பல்களில் ரேடியோ ஆபீசர் தூங்கிக்கொண்டிருந்தாலும், தானியங்கிக் கருவி ஒன்று அந்தக் கோடுகளை அடையாளம் கண்டு, அவர் கட்டிலுக்கு மேலேயும் கப்பலை ஓட்டும் மேல்தள அறையிலும் மணியடிக்கும்.

முதல் முறை தனியாக இரவுப் பணியில் உட்கார்ந்தபோது அந்த மௌனத்தைக் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பதினைந்து இருபது நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன, முள் 45-ஐத் தொட்டதும் ஒவ்வொன்றாக அடங்கி, காதில் வெறும் உஸ்ஸென்ற இரைச்சலும் எங்கோ இடிக்கிற மின்னலின் படபடப்பும் மட்டும் மிச்சம். அந்த நேரத்தில் அந்தக் கடல் முழுக்க என்னைப்போல எத்தனையோ பேர் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

கேள்வி: அப்படியானால் ரேடியோ ஆபீசருக்குச் செய்தி அனுப்புவதைவிடக் கேட்பதுதான் வேலையா? மற்ற நேரத்தில் என்ன செய்வீர்கள்?

பதில்: ஆமாம், கேட்பதுதான் வேலை. மற்றதெல்லாம் அதற்கு நடுவில். ஒரே ஒரு ரேடியோ ஆபீசர் உள்ள சரக்குக் கப்பலில் நாளுக்கு எட்டு மணி நேரப் பணி, அதையும் இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்திருப்பார்கள். வானிலை அறிக்கை எழுதி எடுப்பது, நேர சிக்னல் பிடித்து மாலுமி அறைக் கடிகாரத்தைச் சரிபார்க்க உதவுவது, தந்தி காத்திருக்கும் கப்பல்கள் என்று கரை நிலையம் வாசிக்கும் பட்டியலில் நம் கப்பலின் அழைப்புக்குறி (ரேடியோவில் அதன் பெயர்) வருகிறதா என்று காத்திருப்பது, தந்திகளை வாங்குவது கொடுப்பது, அவசர பேட்டரிகளைத் தினமும் சோதிப்பது, ரேடார் படுத்துக்கொண்டால் அதைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்வது. குழந்தை பிறந்த செய்தி, அப்பா இறந்த செய்தி, எதுவானாலும் கப்பலில் முதலில் தெரிந்துகொள்பவர் நாங்கள்தான். அதை உறையில் போட்டுக் கையில் கொடுக்கும்வரை முகத்தில் எதையும் காட்டக் கூடாது. கெட்ட செய்தி கொண்டுபோகும் நாளில் அந்தப் பத்தடி நடை மிக நீளம்.

வைத்தியமும் உண்டு. ரோமில் 1935 முதல் சி.ஐ.ஆர்.எம். என்ற மருத்துவ மையம் இயங்குகிறது, கடலில் இருப்பவர்களுக்கு ரேடியோ வழியாக இலவசமாக ஆலோசனை சொல்லும். எங்கள் கப்பலில் என்ஜின் அறைப் பையன் ஒருவனுக்கு ஒரு நாள் அடிவயிற்றில் கடுமையான வலி, காய்ச்சல் வேறு. கேப்டன் கேள்விகளை எழுதிக் கொடுக்க, நான் அனுப்ப, பதில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அழுத்தும்போது வலிக்கிறதா, கையை எடுக்கும்போது வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியின் ஒவ்வொரு எழுத்தும் என் காது வழியாக வந்து பென்சிலில் இறங்கியது. ஒரு எழுத்தைத் தவறாக எடுத்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் இரண்டு முறை திரும்ப அனுப்பச் சொன்னேன். பையன் பிழைத்தான்.

கேள்வி: எஸ்.ஓ.எஸ். என்றால் "எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்" என்பதன் சுருக்கம்தானே?

பதில்: இல்லை. அந்த எழுத்துகளுக்கு எந்த விரிவும் கிடையாது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி, இடைவெளி விடாமல் ஒரே மூச்சாக அனுப்புவது. எவ்வளவு இரைச்சலிலும் காது அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் 1906-ல் பெர்லினில் கூடிய மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன், கப்பல்களில் ரேடியோ நடத்திவந்த மார்க்கோனி கம்பெனிக்காரர்கள் 1904-லிருந்து சி.க்யூ.டி. என்று அனுப்பிவந்தார்கள். 1909-ல் ரிபப்ளிக் என்ற கப்பல் மூடுபனியில் இன்னொரு கப்பலுடன் மோதியபோது, ஜாக் பின்ஸ் என்ற இளைஞர் உடைந்துபோன ரேடியோ அறையில் குளிரில் உட்கார்ந்து பல மணி நேரம் சி.க்யூ.டி. அனுப்பி உதவியை வரவழைத்தார். இரண்டு கப்பல்களிலுமாக 1,500 பேருக்கு மேல் பிழைத்தார்கள். கடலில் ரேடியோ எதற்கு என்று கேட்டவர்கள் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

கேள்வி: டைட்டானிக் ரேடியோ ஆபரேட்டர், பனிப்பாறை எச்சரிக்கை கொடுத்த கப்பலை "வாயை மூடு" என்று சொன்னாராமே. அத்தனை சாவுக்கும் அவர்தானே காரணம்?

பதில்: இந்தக் கேள்வியை ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆபரேட்டர் ஜாக் பிலிப்ஸ் மேல் பழி போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

1912 ஏப்ரல் 14 இரவு பதினொரு மணி வாக்கில், பக்கத்தில் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்ட கலிஃபோர்னியன் கப்பலிலிருந்து சிரில் எவன்ஸ் கூப்பிட்டுச் சொன்னது உண்மை. பிலிப்ஸ் அவரை அடக்கியதும் உண்மை. ஆனால் அப்போது அவர் கேப் ரேஸ் கரை நிலையத்தின் மெலிந்த சிக்னலைக் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், பக்கத்துக் கப்பல் அனுப்பியது காதில் அறைந்த மாதிரி விழுந்திருக்கும். அவர் மேசையில் பயணிகளின் தந்திகள் குவிந்து கிடந்தன. அவர் கப்பல் கம்பெனி ஊழியரே இல்லை, மார்க்கோனி கம்பெனியின் ஆள். அந்தக் கம்பெனிக்கு வருமானம் தந்தியில்தான். அன்றைய ஏற்பாடே அப்படி. பயணத்தின் நடுவே கருவி பழுதாகி, பிலிப்ஸும் உதவியாளர் ஹரால்ட் பிரைடும் மணிக்கணக்கில் போராடிச் சரிசெய்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் அன்றிரவு டைட்டானிக்கின் குரல் அவ்வளவு தூரம் கேட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

எவன்ஸ் காலை ஏழு மணியிலிருந்து வேலையில் இருந்தவர், கப்பலில் அவர் ஒருவர்தான். பதினொன்றரை மணி வாக்கில் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். 11.40-க்கு டைட்டானிக் மோதியது. இன்னும் தூரத்தில் இருந்த கார்பேத்தியா கப்பலிலும் ஒரே ஆபரேட்டர், ஹரால்ட் காட்டம். அவரும் படுக்கப் போகிற நேரம், ஒரு பதிலுக்காக ஹெட்போனைக் கழற்றாமல் வைத்திருந்தார். கரையில் உங்களுக்குத் தந்திகள் காத்திருக்கின்றன என்று சொல்வதற்காக அவர் டைட்டானிக்கைக் கூப்பிட, உடனே வாருங்கள், பனிப்பாறையில் மோதிவிட்டோம் என்று பதில் வந்தது. கார்பேத்தியா விடியற்காலை நான்கு மணி வாக்கில் வந்து 700-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டது. சுமார் 1,500 பேர் இறந்தார்கள்.

ஒருவர் கொஞ்சம் முன்னால் படுத்தார், இன்னொருவர் கொஞ்சம் தள்ளிப் படுக்க இருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான். கேப்டன் வந்து "உங்கள் கடமை முடிந்தது, போங்கள்" என்று விடுவித்த பிறகும் பிலிப்ஸ் தட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு வயது 25, உயிரோடு திரும்பவில்லை. பிரைட் பிழைத்தார், காலெல்லாம் குளிரில் விறைத்துப்போன நிலையிலும் கார்பேத்தியாவில் காட்டத்துக்கு உதவியாக உட்கார்ந்து செய்திகள் அனுப்பினார். பயணிகள் கப்பலில் இரவும் பகலும் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று அதே ஆண்டு அமெரிக்கா சட்டம் போட்டது. 1914-ல் பல நாடுகள் லண்டனில் கூடி எழுதிய கடல் பாதுகாப்பு ஒப்பந்தமும் அதையே சொன்னது. உங்கள் பெரியப்பாக்களுக்கு வேலை கிடைத்தது இந்த இரவால்தான்.

கேள்வி: பெண்கள் இந்த வேலையில் இருந்தார்களா? (கல்லூரி மாணவி)

பதில்: இருந்தார்கள். கனடாவின் ஃபெர்ன் பிளாட்ஜெட், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ல், மோஸ்டேல் என்ற நார்வே கப்பலில் ஏறினார். அவருடைய சொந்த நாட்டுக் கப்பல்களில் பெண்களைச் சேர்க்கவில்லை, நார்வேக்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள். நீர்மூழ்கிகள் வேட்டையாடிக்கொண்டிருந்த அட்லாண்டிக்கை அவர் 78 முறை கடந்தார். அந்தப் போரில் ரேடியோ அறை எவ்வளவு ஆபத்தான இடம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நீர்மூழ்கி தாக்கினால் எஸ்.எஸ்.எஸ்.எஸ்., போர்க்கப்பல் தாக்கினால் ஆர்.ஆர்.ஆர்.ஆர். என்று அனுப்ப வேண்டும். அதை அனுப்பவிடாமல் தடுக்கத்தான் எதிரியின் குண்டுகள் ரேடியோ அறையைக் குறிவைத்தன. அப்படியும் அனுப்பினார்கள்.

கேள்வி: இவ்வளவு முக்கியமான வேலையை ஏன் ஒழித்தார்கள்? செலவைக் குறைக்கத்தானே?

பதில்: செலவும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஒரு ஆள் சம்பளம், ஒரு அறை, சாப்பாடு எல்லாம் கப்பல் முதலாளிக்கு மிச்சம். ஆனால் நேர்மையாகச் சொன்னால், எங்களால் முடியாத ஒன்றைப் புதிய கருவிகள் செய்கின்றன. 1980-ல் டெர்பிஷயர் என்ற மிகப் பெரிய சரக்குக் கப்பல் ஜப்பானுக்கு அருகே புயலில் மூழ்கியது. அதில் இருந்த 44 பேரும் போனார்கள், ஒரு எஸ்.ஓ.எஸ். கூட வரவில்லை. கப்பல் அவ்வளவு வேகமாகப் போகும்போது எந்த ரேடியோ ஆபீசராலும் ஒன்றும் செய்ய முடியாது. இன்றைக்கு கப்பல் மூழ்கினால் ஒரு மிதவை தானாகவே கழன்று மேலே வந்து, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற இந்தப் புதிய ஏற்பாடு 1992 பிப்ரவரியில் தொடங்கி, 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கப்பலை ஓட்டும் டெக் ஆபீசர்களே ஒரு சான்றிதழ் எடுத்துக்கொண்டு கருவியைக் கையாள்கிறார்கள். எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. இந்த மிதவைகளிலிருந்து வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை தவறுதலாக எழுந்தவை. எது உண்மை, எது பொய் என்று தெரிந்துகொள்ளக் கடைசியில் ஒரு மனிதன் போன் போட்டு விசாரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அப்புறம், நடுக்கடலில் கருவி கெட்டால் திறந்து பார்க்கத் தெரிந்த ஆளைக் கப்பலை விட்டு இறக்கிவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, மின், மின்னணுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசர் என்ற பதவிக்கு 2010-ல் சர்வதேச விதி எழுதினார்கள். என் நண்பர்களில் சிலர் அப்படித்தான் திரும்பப் போனார்கள். பலர் கரையோடு நின்றுவிட்டார்கள். இருபது ஆண்டு அனுபவத்தோடு நாற்பத்தைந்து வயதில் வேலை தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பிரெஞ்சுக் கடற்படை 1997 ஜனவரி 31 அன்று 500 கிலோஹெர்ட்ஸைக் கேட்பதை நிறுத்தியபோது, நிரந்தர மௌனத்துக்கு முன் இது எங்கள் கடைசிக் குரல் என்று மோர்ஸில் அனுப்பிவிட்டுத்தான் கருவியை அணைத்தது. இதை யாரிடம் சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கேள்வி: எனக்கு 16 வயது. இப்போதும் மோர்ஸ் கேட்க முடியுமா? கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாக முடியும் தம்பி. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தினமும் மோர்ஸில் பேசுகிறார்கள், சிற்றலை ரேடியோவில் 7 மெகாஹெர்ட்ஸின் தொடக்கப் பகுதியைத் தேடிப் பார். அமெரிக்காவில் வணிக மோர்ஸ் சேவை 1999 ஜூலை 12-ல் முடிந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் கலிஃபோர்னியாவின் பாயின்ட் ரேயஸ் பகுதியில் உள்ள கே.பி.எச். என்ற பழைய நிலையத்தை ஆர்வலர்கள் உயிர்ப்பித்து ஒலிபரப்புகிறார்கள்.

கற்கும்போது அட்டவணையைப் பார்த்துப் புள்ளி, கோடு என்று மனப்பாடம் செய்யாதே. நான் அப்படித் தொடங்கி மூன்று மாதம் வீணாக்கினேன், கண்ணில் படித்ததைக் காதுக்கு மாற்றுவதற்குள் அடுத்த எழுத்து போய்விடும். ஓசையாகப் பழகு. கே, எம் என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கு: தா-டி-தா, தா-தா. முழு வேகத்திலேயே கேள், பத்தில் ஒன்பது சரியாக வந்ததும் மூன்றாவது எழுத்தைச் சேர். தினமும் கால் மணி நேரம் போதும்.