பதவியில் இருக்கும் எம்.பி. விவாத மேடைக்கு வராதது ஏன்?

திருகோணமலையில் தற்போதைய எம்.பி. புதிய வேட்பாளர்களோடு விவாதிக்க மறுக்கிறார், வரவைக்க வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயப்படுத்தச் சட்டமில்லை. வந்தால் நட்டம் அவருக்குத்தான்: எதிராளிக்கு இலவச விளம்பரம், பழைய வாக்குறுதிக்கெல்லாம் கணக்கு. அதைவிட, மாவட்டத்துக்குள்ளேயே மூதூரில் ஒரு பேச்சும் சேருவிலவில் வேறு பேச்சுமாகச் சமாளிப்பவர், ஒரே மேடையில் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லவேண்டும். இதுதான் மெய்யான பயம். மாவட்டத்துக்கு ஆசனம் 4, கட்சிப் பட்டியலுக்குள் பிடித்த வேட்பாளர்களுக்கு வாக்காளர் இடும் விருப்பு வாக்கு 3 என்பதால் சொந்தப் பட்டியல்காரரும் போட்டியாளரே. அந்தச் சண்டையை மேடையேற்றக் கட்சி விரும்பாது.

அழைப்பையும் கேள்விகளையும் எல்லாப் பட்டியல்களுக்கும் ஒரே நாளில் எழுத்தில் அனுப்புங்கள். மேடையில் ஒவ்வொரு பதிலுக்கும் 2 நிமிடம். தமிழ், சிங்கள மொழிபெயர்ப்பு அவசியம். வராதவருக்கு வெறுங்கதிரை போடலாம், ஆனால் மற்றவர்கள் அவரைத் திட்டும் கூட்டமாகிவிட்டால் 'பக்கச்சார்பு' என்று தப்பிவிடுவார். வாக்களிப்புக்கு முந்திய 48 மணிநேரம் பிரசாரத் தடை. அதற்கு முன்பே வையுங்கள்.