வரி மறந்த பாட்டை முணுமுணுத்தே கண்டுபிடிப்பது எப்படி?

வேலூர் பழைய பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒரு பாட்டு காதில் விழுகிறது. மெட்டு வாயில் நிற்கிறது, வரி வரவில்லை. அந்த மெட்டை ‘ம்ம்ம்’ என்று பாடிக் காட்டினாலே பாட்டைத் தேடித் தருவதுதான் முணுமுணுப்புத் தேடல். கூகுள் செயலியில் 2020-இல் வந்தது.

சுரம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்ற வரிசையைத்தான் கணினி ஒப்பிடுகிறது. ஏலகிரி மலைப்பாதையில் பேருந்தில் போனாலும் பைக்கில் போனாலும் 14 கொண்டை ஊசி வளைவுகளும் அதே வரிசையில்தானே வரும்? அதுபோல, எந்தக் கட்டையில் பாடினாலும், கொஞ்சம் மெதுவாகப் பாடினாலும் மெட்டு மாறாது. 1995-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏற்றம், இறக்கம், அதே சுரம் என்ற மூன்றே குறிகளை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். எவ்வளவு அழகான யோசனை!

சரி, நல்ல குரல் வேண்டுமே என்று பலர் தயங்குகிறார்கள். வேண்டியதில்லை, பல்லவியை 10, 15 வினாடி விடாமல் முணுமுணுத்தால் போதும்.