எந்த ஜீப்பை முதலில் எடுப்பது? பழைய ஃபோர்வீல் வாகனங்கள்: கேள்வி பதில் (கேட்டவர்கள் திருகோணமலைப் பக்கத்தார், பெயருக்குப் பதில் ஊர்)

உப்புவெளி: அண்ணா, வளவில மூன்று நிற்குது. 88 இஞ்சி லாண்ட் ரோவர், சீரிஸ் டூ ஏ, பெற்றோல். எஞ்சின் இறுகிட்டுது, பின் குறுக்குச்சட்டம் கறள் தின்றுட்டுது. மிட்சுபிஷி ஜீப், 4டிஆர்5 டீசல் எஞ்சின். ஸ்டார்ட் ஆகும், தளத்தகடு ஓட்டை. சுசுகி எஸ்ஜே410, ஓடும், ஆனா வாகனப் பதிவுப் புத்தகம் இல்லை. ஒன்றுக்குத்தான் காசு. எதை முதல்ல எடுக்க?

பதில்: தம்பி, எஞ்சினை இப்போதைக்கு விடுங்கோ. அது கழற்றி மேசையில் வைத்துச் செய்கிற சாமான். கடற்கரை ஊரில் வாகனத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது செஸி, அதாவது அடிச்சட்டம்தான்.

கால் கிலோச் சுத்தியல், பழைய ஸ்குரூ டிரைவர், டோர்ச், சோக்கட்டி எடுத்துக்கொண்டு கீழே படுங்கோ. செஸி முழுக்கச் சாணுக்கு ஒருதரம் தட்டுங்கோ. நல்ல தகட்டில் சுத்தியல் துள்ளும், ‘டங்’ என்று கேட்கும். உள்ளே கறள் படையாய் இருந்தால் ‘பொத்’ என்று சத்தம் செத்துப்போகும். அங்கே ஸ்குரூ டிரைவரால் குத்துங்கோ. இறங்கினால் வட்டம் போடுங்கோ.

லாண்ட் ரோவரின் செஸி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தகட்டில் செய்த பெட்டி. கறள் உள்ளிருந்து வெளியே வரும். பின் குறுக்குச்சட்டம், உடம்பைத் தாங்கும் பக்கக் கைகள், பின் ஸ்பிரிங் தாங்கும் இடம் மூன்றையும் விடாமல் தட்டுங்கோ. உடம்பு அலுமினியம்தான், ஆனால் எஞ்சினுக்கும் ஆளுக்கும் இடையில் நிற்கிற சுவர் இரும்பு, கால் வைக்கிற குழிதான் அதில் முதலில் போகும். அலுமினியமும் இரும்பும் தொடுகிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாய் உதிரும். ஜீப்பிலும் சுசுகியிலும் ஸ்பிரிங்கைச் செஸியோடு இணைக்கிற ஷக்கிள் பிடிக்கிற இடத்தையும் உடம்பு போல்ட் இறங்குகிற இடத்தையும் பாருங்கோ.

செஸி ‘டங்’ என்றால் ஜீப்தான் முதல். தளத்தகடு தட்டையான வேலை, எந்த டிங்கரிங் கராஜிலும் முடியும். ஓடத் தொடங்கினால் மற்ற இரண்டுக்கும் சாமான் ஏற்றவும் அதுவே உதவும். லாண்ட் ரோவர் இரண்டாவது. குறுக்குச்சட்டம் தனித் துண்டாய் மாற்றக்கூடியது, அதைக்கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் அதற்கு இஞ்சி அளவு ஸ்பனர் செற் தேவை: அரை இஞ்சி போல்ட் தலை 12.7 மில்லிமீற்றர், 13 ஸ்பனர் போட்டால் வழுக்கி மூலையைத் தின்னும். சுசுகிதான் மூன்றிலும் லேசான வேலை, 970 சிசி எஞ்சினை இரண்டு பேர் சங்கிலிக் கப்பி போட்டு இறக்கலாம். என்றாலும் புத்தகம் கையில் வரும்வரை ஒரு சதமும் போடாதீங்கோ.

காத்திருக்கிற இரண்டையும் மணலில் விடாமல் கொங்கிறீற் கட்டையில் ஏற்றுங்கோ. நல்ல தண்ணீரால் அடி கழுவி, கால்மிதி, சீற், பற்றரி கழற்றி, தகரக் கொட்டிலுக்குள் வையுங்கோ. தறப்பாளை உடம்போடு ஒட்டி மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். மூன்றையும் ஒரேயடியாய்க் கழற்றவே கூடாது.

நிலாவெளி: எங்கட ஜீப் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் என்கினம். எப்படித் தெரிஞ்சு கொள்ளுறது?

பதில்: முன் கிறிலில் துளைகளை எண்ணுங்கோ. போர்க்காலத்து வில்லிஸ் எம்பிக்கு (1941–45) பெரும்பாலும் ஒன்பது. 1945இல் வந்த சிவில் சிஜே2ஏக்கு ஏழு. எம்பிக்குப் பின்கதவு கிடையாது, மேலதிகச் சில்லு பின்னால் தொங்கும். சிஜேக்குப் பின்கதவு உண்டு, சில்லு பக்கத்தில். பொனற் உயரமாய், முகம் நெட்டையாய் இருந்தால் அது சிஜே3பி அல்லது 1953 தொடக்கம் வில்லிஸ் அனுமதியோடு மிட்சுபிஷி கட்டிய ஜீப். ஒன்பது துளை என்றால் எதையும் வெட்ட முன்னம் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கோ.

கிண்ணியா: எஞ்சினால் வடித்த பழைய ஒயிலைச் செஸிக்குப் பூசினா கறள் பிடிக்காதாமே? ஒரு போத்தல் காணுமா?

பதில்: அரைப் போத்தலும் வேண்டாம்.

மூதூர்: அப்படிச் சொல்லாதீங்க அண்ணன். எங்கட பக்கம் உழவு மெசினுக்கும் கலப்பைக்கும் அதைத்தான் பூசுறோம். ஒன்றும் ஆகல்லையே.

பதில்: கலப்பை இரும்பின் தடிப்பையும் 2 மில்லிமீற்றர் தகட்டையும் ஒன்றாய் வைக்காதீங்க, தம்பி. அதில் ஒரு மில்லிமீற்றர் போனால் தெரியாது, இதில் பாதி போய்விடும். வடித்த ஒயிலில் எஞ்சின் எரிப்பில் வந்த அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கு. ரப்பர் புஷ் ஊதிப்போகும். கடற்கரை மணல் அதில் ஒட்டும், மணலோடு உப்பும் ஒட்டும், பிறகு கழுவியும் போகாது. நாளைக்கு வெல்டிங் பிடித்தால் தீப்பிடிக்கும், வெல்டும் துளை துளையாய் வரும். சொட்டுகிற ஒயில் மணலூடாய்க் கிணற்றுக்குத்தான் இறங்கும்.

தம்பலகாமம்: அப்ப கிறீஸ்?

பதில்: வெளியே பூசினால் மணல் கதை அதேதான். போல்ட் புரிக்கும் ஷக்கிள் பின்னுக்கும் மட்டும்.

மூதூர்: புது ஒயில் என்றா? செஸிப் பெட்டிக்குள்ள பிரஷ் போகாதே அண்ணன்.

பதில்: அது நியாயமான கேள்வி. பெட்டிக்குள் மட்டும் புது ஒயில், ஒன்றுமே இல்லாததை விட நல்லது, ஒத்துக்கொள்கிறேன். கறள் தடுக்கிற மெழுகு அதைவிட நல்லது, வடியாது. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்றில் செய்யுங்க. மாரி தொடங்கினால் காயாது. முதலில் செஸித் துளைகளால் நல்ல தண்ணீர் அடித்து உள் உப்பைக் கழுவி, இரண்டு நாள் காயவிடுங்க. வெளியே கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி, குழிக்குள் மிஞ்சிய கறளுக்குப் பொஸ்போரிக் அமிலம் தடவிக் கழுவுங்க. காய்ந்ததும் நாகம் (சிங்க்) கலந்த பிரைமர், அதன்மேல் செஸிக் கறுப்புப் பெயின்ற் இரண்டு பூச்சு. கடைசியாய் நீளக் குழாயால் உள்ளே மெழுகு அடியுங்க. அடைபட்ட வடிகால் துளைகளைக் குத்தித் திறந்துவிடுங்க, அது அடைபட்டால் எந்தப் பூச்சும் நிற்காது.

கிண்ணியா: சரி, விட்டுட்டன். ஒயிலைப் பக்கத்து ஆளுக்குக் குடுக்கவா?

பதில்: கொடுங்க, செஸிக்குப் பூச வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுங்க.

பாலையூற்று: லாண்ட் ரோவர் எஞ்சின் இறுகிட்டுது. கயிறு கட்டி இழுத்தால் விடுமா?

பதில்: விடாது, பிஸ்டன் ரிங் உடையும். பிளக் நாலையும் கழற்றி, பாதி டீசலும் பாதி ஓட்டோ கியர் ஒயிலும் கலந்து சிலிண்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி, ஒரு கிழமை விடுங்கோ. நாலாம் கியரில் போட்டு வாகனத்தை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கோ. விட்டதும் பிளக் இல்லாமலே கையால் சுற்றுங்கோ. உள்ளே திரவம் நிற்க ஸ்டார்ட்டர் அடித்தால் பிஸ்டனைத் தள்ளுகிற தண்டு (கொன்ரொட்) வளையும். எஞ்சின் ஒயிலையும் மாற்றுங்கோ, ஊற்றியதில் மிச்சம் கீழே இறங்கியிருக்கும்.

சீனன்குடா: 4டிஆர்5க்கு இரண்டு பற்றரி. ஒன்றைக் கழற்றி 12 வோல்ட் ஆக்கலாமா?

பதில்: ஸ்டார்ட்டர் தகட்டில் 24 என்றிருந்தால் விட்டுவிடுங்கோ. 12 ஆக்கப்போனால் ஸ்டார்ட்டர், ஓல்ட்டனேற்றர், ஹீற்றர் பிளக், பல்ப் எல்லாம் மாற வேண்டும்.

குச்சவெளி: என்னட்டை இரண்டு லாண்ட் ரோவர். ஒன்றின்ட எஞ்சின் நல்லாய் ஓடுது, அதை முதல்ல எடுக்கவா?

பதில்: மேலே உப்புவெளிக்குச் சொன்னதைப் படியுங்கோ. சுத்தியல்.

ஓர்ஸ்ஹில்: வேற எஞ்சின் போட்டால் புத்தகத்தில மாத்த வேணுமா?

பதில்: மாற்ற வேண்டும். நடைமுறையை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கோ, எஞ்சின் வாங்க முன்னமே.

மூதூர் (வேறொருவர்): எஞ்சின் ஓடுற ஜீப்பா, ஓடாத ஜீப்பா முதல்ல?

பதில்: சுத்தியல்.

உப்புவெளி: அண்ணா, தட்டிப் பார்த்தன். ஜீப்பில பின் இடது ஷக்கிளுக்கு முன்னால உள்ளங்கை அளவு ‘பொத்’. மற்றதெல்லாம் ‘டங்’.

பதில்: அப்படியென்றால் ஜீப்தான். வட்டத்துக்கு வெளியே நல்ல இரும்பு வரும்வரை வெட்டுங்கோ, ஓரத்தில் ஒரு இஞ்சி கூடவே. அதே தடிப்புத் தகட்டை வெட்டிய இடத்துக்குள் பொருத்துங்கோ. மேலே ஒட்டினால் இரண்டு தகட்டுக்கும் இடையில் ஈரம் தங்கும். செஸி தொய்யாமல் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, ஒரு இஞ்சி இங்கே, ஒரு இஞ்சி எதிர்ப்பக்கம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு வெல்ட் பிடியுங்கோ. செஸி இலக்கம் அடித்த இடத்துக்குக் கிறைண்டரைக் கொண்டுபோகவே கூடாது. பற்றரி வயரையும் ஓல்ட்டனேற்றர் வயரையும் கழற்றுங்கோ. முதல் வெட்டுக்கு முன்னம் டீசல் டாங்கியை இறக்கி, வளவின் மற்ற மூலையில் கொண்டுபோய் வையுங்கோ.