மத்தி மீனுடன் டூரோ சிவப்பு ஒயின் கசந்தது ஏன்?

வணக்கம். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் சுட்ட மத்தி மீனுடன், அந்நாட்டின் டூரோ பள்ளத்தாக்கைச் சேர்ந்த இளம் சிவப்பு ஒயினை அருந்தியபோது வாயில் இரும்பின் சுவை தங்கியதாகவும், மீதமுள்ள இரண்டு புட்டிகளும் கெட்டுவிட்டனவோ என்று ஐயுறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒயினில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மீனின் எண்ணெயும் ஒயினில் உள்ள இரும்புச்சத்தும் சேரும்போது இத்தகைய சுவை எழுவதுண்டு.

டூரோ சிவப்பு ஒயின்களில் முக்கியமாகச் சேர்வது, அப்பள்ளத்தாக்கின் பாறைச் சரிவுகளில் விளையும் டூரிகா நாசியோனால் என்ற திராட்சை வகை; அதன் பழம் மிகச் சிறியது. சாற்றின் அளவுக்குத் தோல் மிகுதி என்பதால், நாவற்பழத்தை ஒத்த கருநிறமும், ஈறுகளை இறுகப் பிடிக்கும் துவர்ப்பும் அதன் ஒயினுக்கு இயல்பாகவே அமைகின்றன. முதலில் வயலட் பூவின் மணமும், பிறகு கரும்பெர்ரிப் பழங்களின் சுவையும் விரிவதே அதன் அழகு. அந்தத் துவர்ப்பைத் தணிப்பவை கொழுப்பும் புரதமும்தான். ஆகவே அடுத்த புட்டியை, கல்லுப்பு மட்டும் தூவிக் கனலில் வாட்டிய தடித்த, போர்ச்சுகலின் வடகிழக்கிலுள்ள மிராண்டா பகுதியின் மாட்டிறைச்சித் துண்டுடனோ, அடுப்பில் சுட்ட வெள்ளாட்டுக்குட்டி இறைச்சியுடனோ திறந்து பாருங்கள். ஒரு மணி நேரம் முன்பாகவே அகன்ற குடுவைக்கு மாற்றி, 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் பரிமாறுங்கள். கோடைக்கால அறை வெப்பத்தில் ஆல்கஹாலின் எரிவே மேலோங்கிவிடும். மத்தி மீனுக்கு, போர்ச்சுகலின் வடமேற்கிலுள்ள வின்யோ வெர்டே பகுதியின் வெள்ளை ஒயினே பொருத்தமானது.